மிதவை மணி சொல்வதும் சொல்லாததும்

ஆம்பூர், ராணிப்பேட்டைக் காலணிகளும் தோலும் பெட்டகங்களில் ஏறிச் சென்னைத் துறைமுகத்துக்குப் போகின்றன. வேலூர் லாங் பஜாருக்கும் கடலுக்கும் வெகு தூரம். ஆனால் கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால்தான் இந்த வட்டாரத்தில் காசு புழங்கும். ஆகவே கப்பல்களை எச்சரிக்க ஒலி எழுப்பும் மிதவைகள் பற்றிய இரண்டு தவறான எண்ணங்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஒன்று, அந்த ஒலியே கப்பலுக்கு வழி காட்டிவிடும் என்பது. மற்றொன்று, செயற்கைக்கோள் வழிகாட்டல் வந்தபின் அது வீண் என்பது.

மணி மிதவையில் மணி அசையாது. அதைச் சுற்றித் தொங்கும் நாக்குகளில் ஏதேனும் ஒன்று, அலையில் மிதவை சாயும்போது மணியில் இடிக்கும். விசில் மிதவையில் நீருக்குள் நீண்ட குழாய் இறங்கியிருக்கும். மிதவை ஏறி இறங்க, உள்ளே நெருக்கப்படும் காற்று விசிலை ஊதும். இரண்டுக்கும் மின்சாரம் தேவையில்லை.

குறையும் அங்கேதான். மூடுபனி பல நேரங்களில் காற்று ஓய்ந்திருக்கும்போது இறங்கும். அப்போது அலையும் அடங்கிவிடுவதால் மணி மிகவும் தேவைப்படும் வேளையில் அது மௌனமாகலாம். பேட்டரியில் இயங்கும் ஊதுகுழல்கள் வந்தது இதனால்தான். ஒலியும் நேர்க்கோட்டில் வருவதில்லை; காற்றின் அடுக்குகள் அதை வளைத்துவிடும். 1873இல் இங்கிலாந்துக் கடற்கரையில் இயற்பியலாளர் ஜான் டிண்டால் நடத்திய சோதனைகள், தெளிவான வானிலையிலும் ஒலி எதிர்பாராமல் மங்கும் என்று காட்டின. ஆகவே மணிச் சத்தம் 'ஆபத்து அருகில் இருக்கிறது' என்று எச்சரிக்கும். எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று உறுதியாகச் சொல்லாது.

அடர்ந்த மூடுபனி அரிதான நம் கடற்கரையில் நிறமும் விளக்குமே முதன்மை. துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு மிதவை, வலப்பக்கம் பச்சை மிதவை. பழைய 1927 கலங்கரை விளக்கச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2021 சட்டம், கலங்கரை விளக்கங்களோடு இத்தகைய கடல்வழித் துணைகள் அனைத்தையும் கருத்தில் கொள்கிறது.

அப்படியானால் ஒலி எதற்கு? 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் பரவியது. ரேடார் காலத்திலும் கப்பல்கள் மோதத்தான் செய்கின்றன. 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி, கண்ணாலும் காதாலும் கண்காணிக்கச் சொல்கிறது. ரேடார் திரையில் கோளாறு வந்தாலும், திரையே இல்லாத சிறு படகுக்கும், காதுக்கு எட்டும் எச்சரிக்கை கூடுதல் காவல். அதை மட்டும் நம்பிக் கப்பல் ஓட்டக் கூடாது. தேவைப்படும் இடத்தில் வீண் என்று அகற்றவும் கூடாது.