எச்.பி.வி. டெஸ்ட்: எதை எடுப்பது, எதை விடுவது?

"லேப்ல மூணு விதமான எச்.பி.வி. டெஸ்ட் இருக்காம், டாக்டர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரேட். எதை எடுக்கட்டும்?" இப்படிக் கேட்கிற பெண்கள் இப்போது வர ஆரம்பித்திருக்கிறார்கள். நல்ல சங்கதிதான். ஆனால், ரேட் அதிகமா இருந்தா டெஸ்ட்டும் உசத்தின்னு நினைச்சுக்கறாங்க பாருங்கள், அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மூல காரணம் இந்த வைரஸ்தான். இதைக் கண்டு சொன்ன ஜெர்மன் விஞ்ஞானி ஹெரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸில் நூற்றுக்கு மேல் வகைகள். புற்றுநோய் வரை இழுத்துப் போவது சுமார் 14 வகைதான். அதிலும் 16, 18 என்ற இரண்டே இரண்டு, பத்தில் ஏழு கேஸுக்குப் பொறுப்பு. 6, 11 போன்றவை மருவை உண்டாக்கும், புற்றுநோயை அல்ல. ஆகவே 'ஆபத்தில்லாத வகைகளையும் சேர்த்துப் பார்க்கிறோம்' என்று யாராவது பேக்கேஜ் நீட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தண்டச் செலவு.

அடுத்தது, துல்லியம். ஒரு வைரஸ் இருந்தால்கூடக் கண்டுபிடிக்கிற டெஸ்ட்தானே நல்லது? அதுதான் இல்லை! பெரும்பாலான பெண்களுக்கு இந்தத் தொற்று வந்த சுவடு தெரியாமல் ஓரிரு வருஷத்தில் தானாகவே போய்விடும். வழிப்போக்கனுக்கெல்லாம் குரைக்கிற நாய் வீட்டில் யாரையும் தூங்க விடாது. திருடனைப் பார்த்துக் குரைத்தால் போதும். 'ஹைப்ரிட் கேப்சர்' என்ற பழைய டெஸ்ட் அப்படிப்பட்டது. 13 ஆபத்தான வகைகளைப் பார்க்கும். வைரஸ் ஓரளவு எண்ணிக்கையில் இருந்தால்தான் பாசிட்டிவ் என்று சொல்லும். எந்த வகை என்று மட்டும் பிரித்துச் சொல்லாது. பின்னால் வந்த பி.சி.ஆர். டெஸ்ட்களில் சில 16, 18 இரண்டையும் தனியாகக் காட்டுகின்றன. வைரஸின் ஆர்.என்.ஏ.-வைத் தேடுகிற டெஸ்ட்டும் உண்டு. அதில் வீண் பயம் கொஞ்சம் குறைவு. இவை எல்லாம் புற்றுநோய்க்கு முந்தின மாற்றத்தைக் கண்டுபிடிப்பதில் பழைய டெஸ்ட்டுக்குச் சமமாக இருக்கணும் என்று 2009-ல் சர்வதேச நிபுணர்கள் ஒரு அளவுகோல் வைத்தார்கள். லேபில் நீங்கள் கேட்க வேண்டியது விலையை அல்ல, இதைத்தான்: "இது ஸ்கிரீனிங்குக்கு என்று சோதித்து ஏற்கப்பட்ட டெஸ்ட்டா? எத்தனை வகைகளைப் பார்க்கும்?" கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவியின் ஒரு சிப், 16, 31, 18, 45 என்ற நான்கை மட்டும் பார்க்கும். கிராமத்துக்கே தூக்கிப் போகலாம் என்பது பெரிய சௌகரியம். ஆனால் அதில் நெகட்டிவ் என்றால் அந்த நான்குக்கு மட்டும்தான் நெகட்டிவ்.

எச்.பி.வி. டெஸ்ட்டை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறேன் என்றால், மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த ஆய்வைச் சொல்ல வேண்டும். 1,31,000-க்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள், 30 முதல் 59 வயது வரை. ஒரு குழுவுக்கு எச்.பி.வி. டெஸ்ட், ஒரு குழுவுக்கு பாப் ஸ்மியர், ஒரு குழுவுக்கு வினிகர் அமிலம் தடவிப் பார்க்கிற சோதனை, மற்றொன்று வழக்கம் போல. வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான்! எட்டு வருஷம் கழித்து, 2009-ல் முடிவு வந்தது. வழக்கம்போல விடப்பட்ட குழுவில் இந்த நோயால் 64 மரணம். எச்.பி.வி. குழுவில் 34. நெகட்டிவ் என்று வந்தவர்களில் ஒருவர்கூட இந்த நோயால் சாகவில்லை. மற்ற இரண்டு சோதனைகளால் இறப்பு சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. ஆனால் நம்ம திண்டுக்கல்லில் வினிகர் சோதனையாலேயே இறப்பு 35 சதவிகிதம் குறைந்ததாக 2007-ல் வெளியானது. அதனால் எச்.பி.வி. டெஸ்ட் கிடைக்காத ஊரில் அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

இன்னொரு விஷயம், கூச்சம். டாக்டர் முன்னால் படுக்கத் தயங்கியே எத்தனை பேர் வராமல் இருக்கிறார்கள்! மாதிரியை நீங்களே எடுத்துக் கொடுக்கலாம். அப்போது மட்டும் பி.சி.ஆர். டெஸ்ட்டாகக் கேளுங்கள். ஹைப்ரிட் கேப்சர் மாதிரியானவை, சுயமாக எடுத்த மாதிரியில் கொஞ்சம் கோட்டை விடும்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னபடி, முப்பது வயதில் ஆரம்பித்து ஐந்திலிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை போதும். எச்.ஐ.வி. இருப்பவர்கள் இருபத்தைந்திலேயே ஆரம்பித்து இன்னும் அடிக்கடி பார்க்கணும். தடுப்பூசி போட்டவர்களுக்கும் டெஸ்ட் உண்டு. கல்யாணமான புதிதில் இருபத்திரண்டு வயசுப் பெண்ணுக்கு இதை எழுதிக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. தானாகப் போகிற தொற்றைக் காட்டிக் குடும்பத்தில் குழப்பம் உண்டாக்கும், அவ்வளவுதான். பாசிட்டிவ் என்றதும் புருஷனைச் சந்தேகிப்பதும், மனைவியைச் சந்தேகிப்பதும் நடக்கிறது. இந்த வைரஸ் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். எப்போது, யாரிடமிருந்து என்று எந்த லேபும் சொல்ல முடியாது.

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அதற்காகக் கர்ப்பப்பையை எடுக்கவும் வேண்டாம். 16 அல்லது 18 என்றால் நேராக கால்போஸ்கோப்பி. மற்ற வகைகளுக்கு முதலில் வினிகர் சோதனையோ ஸ்மியரோ போதும். மாற்றம் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் சூடு வைத்தோ வெட்டியோ எடுத்துவிடலாம். பிறகு ஒரு வருஷம் கழித்து மறுபடி அதே எச்.பி.வி. டெஸ்ட்.