மூடு வரட்டும் என்று காத்திருக்கலாமா?

"மூடு வரல..." படம் வரைகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. வெள்ளைத் தாளைப் பார்த்தபடியே நாள் போய்விடும். காத்திருந்தால் மட்டும் மூடு வந்துவிடுமா?

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தோல் வெட்டுகிறவர்களைப் பாருங்கள். இரண்டு தோல் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்றில் கீறல், இன்னொன்றில் உண்ணி கடித்த தழும்பு. அந்தக் குறைகளை ஒதுக்கி, எந்தத் துண்டை எங்கே எடுத்தால் தோல் வீணாகாது என்று பார்த்துப் பார்த்து வெட்டுகிறார்கள். கையில் இருப்பதை வைத்துத்தான் யோசனையே பிறக்கிறது.

அது தொழில், கலை வேறு என்பீர்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. அவர் முயற்சியில் 1966-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. அங்கிருந்த கலைஞர்கள் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்த வருமானத்தில் தங்கள் ஓவியத்தையும் சிற்பத்தையும் தொடர்ந்தார்கள். கை சும்மா இருக்கவில்லை.

உடம்பு களைத்திருந்தால் தூங்குவதே மேல். மற்ற நாட்களில், அந்தப் பெரிய படத்தை ஓரமாக வைத்துவிட்டு, வாசலில் கிடக்கும் செருப்பையாவது வரையுங்கள். கெட்டுப்போனால் என்ன, ஒரு தாள்தானே! கை ஓட ஆரம்பித்தால் மனசு பின்னாலேயே வரும்.