பாம்புக்கடியும் வெறுங்காலும்

இலையுதிர்காலம் தொடங்கினால் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மான் வேட்டைக்குப் புறப்படுவோர், துப்பாக்கிக்கு அடுத்தபடியாகக் கவனம் செலுத்துவது காலணியின் மீதுதான். டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களின் புதர்க்காடுகளில் 'ராட்டில் ஸ்னேக்' எனப்படும் கிலுகிலுப்பை விரியன்கள் மிகுதி. அவற்றின் கடியிலிருந்து தப்புவதற்கென்றே முழங்காலை எட்டும் உயரத்தில், அடர்த்தியாக நெய்த நைலான் துணியைப் பல அடுக்குகளாகத் தைத்த பூட்ஸ்கள் அங்கு விற்பனையாகின்றன. சாதாரணக் காலணிக்கு மேல் கெண்டைக்காலைச் சுற்றி அணிந்துகொள்ளும் 'கெய்ட்டர்' என்ற கவசமும் உண்டு. நல்ல பூட்ஸின் விலை நூறு டாலரைத் தாண்டும்.

அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீட்டின்படி, அமெரிக்காவில் ஆண்டுதோறும் 7,000 முதல் 8,000 பேரை நச்சுப்பாம்புகள் கடிக்கின்றன. அவர்களில் இறப்பவர்கள் ஏறக்குறைய 5 பேர். இந்தியாவிலோ 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடிக்குப் பலியானவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதாவது, ஆண்டுக்குச் சராசரியாக 58,000 உயிர்கள். இவற்றில் மிகப்பெரும்பாலானவை கிராமங்களில் நிகழ்ந்தவை. ஏறத்தாழப் பாதி, வயல்வேலை மும்முரமாக நடக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் நிகழ்ந்தவை.

இந்த வேறுபாட்டுக்குக் காலணி மட்டுமே காரணமல்ல. விரைந்து கிடைக்கும் மருத்துவ வசதி, பாம்பினங்களின் தன்மை, வயலில் இறங்கி உழைப்போரின் எண்ணிக்கை எனப் பல காரணங்கள் உள்ளன. எனினும், ஐந்து பேர் இறக்கும் நாட்டில் பொழுதுபோக்குக்காகக் காடு செல்பவருக்குப் பல வகைக் காப்புக் காலணிகள் கிடைக்கின்றன. 58,000 பேர் இறக்கும் நாட்டில் பிழைப்புக்காக வயலில் இறங்குபவர் வெறுங்காலுடன் நிற்கிறார். பொருளியலில் இது முதலாண்டு மாணவனுக்கே சொல்லித்தரப்படும் பாடம். சந்தைக்குத் தேவை தெரியாது. வாங்கும் சக்தியுடன் வரும் தேவை மட்டுமே தெரியும்.

நம் நாட்டில் வேட்டை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனால், வேட்டைக்காரர்கள் காலணியைத் தேர்ந்தெடுக்கும் முறையில் நமக்கும் பாடம் உண்டு. அவர்கள் முதலில் பார்ப்பது உயரம். நிலத்தில் கிடக்கும் பாம்பு சீறித் தாக்கும்போது பெரும்பாலும் கடிபடுவது பாதமும் கணுக்காலும் கெண்டைக்காலுமே. எனவே முழங்கால்வரை மறைவு வேண்டும். அடுத்தது, பல் ஊடுருவாத பொருள். மூன்றாவது, நாள் முழுவதும் அணிந்து நடக்கக்கூடிய எடையும் காற்றோட்டமும். எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், வெயிலில் கழற்றி வைக்கப்படும் காலணி யாரையும் காப்பதில்லை. கெய்ட்டர் அணிபவர்கள் இன்னொன்றையும் அறிவார்கள்: அது கெண்டைக்காலைத்தான் காக்கும்; பாதத்துக்கு மூடிய, தடித்த காலணி தனியாக வேண்டும்.

விலையுயர்ந்த கவசம் இல்லாவிட்டால் பாதுகாப்பே இல்லை என்பதும் சரியன்று. கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உப்புநீர் நிரப்பிய கையுறைகளை மனித உறுப்பாகப் பாவித்துக் கிலுகிலுப்பை விரியன்களைக் கடிக்கச் செய்தனர். கையுறையின்மேல் சாதாரண ஜீன்ஸ் துணியைப் போர்த்தியபோது உட்செலுத்தப்பட்ட நஞ்சின் அளவு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. துணி பல்லை முழுமையாகத் தடுக்கவில்லை. ஆனாலும் நஞ்சின் பெரும்பகுதியைத் தடுத்தது. வேட்டியை மடித்துக் கட்டியும் சேலையைத் தூக்கிச் செருகியும் வேலை செய்யும் நம் உழைப்பாளிக்கு இந்தக் குறைந்தபட்சத் தடுப்புகூட இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன், கிராமக் கடன் குறித்த கள ஆய்வுக்காக மாணவர்களுடன் காவிரிப் படுகையில் ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். ஒரு விவசாயக் கூலிப் பெண்மணியின் கடன் கணக்கில் பெரும்தொகை ஒன்று இருந்தது. அறுவடையின்போது கணவரைக் கண்ணாடி விரியன் கடித்ததாம். தனியார் மருத்துவமனைச் செலவுக்கு இருந்த நகை அடகுக்குப் போயிற்று. கணவர் பிழைத்தார், கால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. "ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொள்ளலாமே" என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். அந்தப் பெண்மணி சிரித்தார். "அதைப் போட்டுக்கிட்டு சேத்துல நடக்க முடியுமாங்க ஐயா? வாங்குறதுக்கே நாலு நாள் கூலி போயிடுமே" என்றார்.

அந்த ஒரு பதிலில் இரண்டு உண்மைகள் உள்ளன. முதலாவது, தொழில்நுட்பம் பற்றியது. உழுது சேறாக்கிய நிலத்தில் நாற்று நடும்போது முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் புதைந்துவிடும். காலை எடுத்தால் காலணி சேற்றிலேயே நிற்கும். ஆனால், எல்லா வேலையும் நாற்று நடவு அல்ல. காய்ந்த வயலில் அறுவடை, வரப்பில் புல் அறுத்தல், கரும்பில் சோகை உரித்தல், கடலை பறித்தல், இரவில் மோட்டார் போடச் செல்லுதல் ஆகியவற்றில் மூடிய காலணி சாத்தியமே. எந்த வேலைக்கு எது பொருந்தும் என்பதை உழைப்பவர்களிடமே கேட்டு வடிவமைக்க வேண்டும். வயல்வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது என்பதால் அவர்களின் கால் அளவும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

இரண்டாவது, யார் செலவழிப்பது என்பது. தொழிற்சாலையில் காப்புக் காலணி தருவது நிர்வாகத்தின் கடமை. விவசாயக் கூலித் தொழிலாளி திங்களன்று ஒருவர் நிலத்திலும் புதனன்று வேறொருவர் நிலத்திலும் உழைக்கிறார். எந்த நிலவுடைமையாளரும் அவருக்குக் காலணி வாங்கித் தரப்போவதில்லை. அவர்களில் பலர் தாங்களே வெறுங்காலுடன் உழைக்கும் சிறு விவசாயிகள். சந்தையும் முதலாளியும் தராத இடத்தில் அரசுதான் முன்வர வேண்டும்.

இதற்கு ஆகும் செலவு பெரிதல்ல. உத்தரப் பிரதேசத்தில் பாம்புக்கடியால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கப்படுகிறது. ஒரு ஜோடி காலணி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஓர் உயிரிழப்புக்கான நிவாரணத் தொகையில் 800 பேருக்குக் காலணி வாங்கலாம். நிவாரணம் அவசியம்தான். ஆனால், இறந்த பின் நான்கு லட்சம் தரும் அரசு, இருக்கும்போது ஐந்நூறு தரத் தயங்கக் கூடாது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனித்த வாய்ப்பு உண்டு. பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக 2024-இல் தமிழக அரசு அறிவித்தது. மருத்துவமனைகள் ஒவ்வொரு நிகழ்வையும் தெரிவித்தாக வேண்டும். கடிபட்டவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார், உடலில் எங்கே கடி, காலில் என்ன அணிந்திருந்தார் என்ற மூன்று கேள்விகளை அதில் முறையாகப் பதிவுசெய்தால், எந்த வட்டாரத்துக்கு எத்தகைய காலணி தேவை என்பது தெளிவாகும். உலகச் சந்தைக்குக் காலணி செய்யும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் இங்கேதான் உள்ளன. மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னையில்தான் இருக்கிறது. அயல்நாட்டவரின் காலுக்கு அளவெடுக்கும் நம் திறமை, நம் உழவரின் காலுக்கு அளவெடுக்க இயலாததா? மானியத்தில் தார்ப்பாயும் தெளிப்பானும் வழங்கும் வேளாண் துறையின் பட்டியலில் காலணியும் காலுறைக் கவசமும் இடம்பெறுவதே முதற்படி.

காலணி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. இரவில் தரையில் உறங்குபவரைத் தேடிவரும் கட்டுவிரியனுக்குக் கட்டிலும் கொசுவலையுமே மறுமொழி. கதிர் பிடிக்கும் கையை எந்த பூட்ஸும் காக்காது. கடிபட்ட பின் கயிறு கட்டுவதிலும் மந்திரிப்பதிலும் நேரத்தை இழக்காமல், நச்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு விரைவதே உயிரைக் காக்கும். பாம்புக்கடி இறப்புகளையும் ஊனங்களையும் 2030-க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இலக்கு வகுத்துள்ளது. அந்த இலக்கை நாம் பெரும்பாலும் மருந்தின் வழியாகவே எண்ணிப் பார்க்கிறோம். கடிபட்டவருக்கு மருந்து வேண்டும். ஆனால், கடிபடாதிருப்பதே உழைப்பாளிக்கு மலிவு. அவருக்குக் கலப்பையும் அரிவாளும் எப்படித் தொழிற்கருவிகளோ, அப்படியே காலணியும் ஒரு தொழிற்கருவி என்று அரசும் சமூகமும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.