பிள்ளைகளுக்கு ஊர்க் கணக்கு சொல்லிக் கொடுங்கள்!

10 வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

"இந்தியாவின் முதல் பிரதமர் யார்?"

"நேரு!" என்று உடனே பதில் வரும்.

"நாட்டின் தலைநகரம் எது?"

"டெல்லி!"

"உன் தெருவில் விளக்கு எரியவில்லை. யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும்?"

பிள்ளை விழிக்கும். அப்பாவின் முகத்தைப் பார்க்கும். பல வீடுகளில் அப்பாவும் விழிப்பார்!

டெல்லியைத் தெரிந்த பிள்ளைக்குத் தெருவைத் தெரியவில்லை. இது பிள்ளையின் குற்றம் அல்ல. பெரியவர்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுதான் குற்றம்.

பள்ளிப் புத்தகத்தில் ஜனநாயகம் பற்றிப் பாடம் இருக்கிறது. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சையில் மார்க்கும் வாங்குகிறார்கள். ஆனால் நீச்சலைப் புத்தகத்தில் படித்தவன் நீந்திவிட முடியுமா? கிணற்றில் இறங்க வேண்டும். கை, கால் அடிக்க வேண்டும். மக்களாட்சியும் அப்படித்தான். பார்த்துப் பழக வேண்டும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? 18 வயதில் ஓட்டு வருகிறது. அந்த ஓட்டை எப்படிப் பயன்படுத்துவது என்ற பழக்கம் அதற்கு வெகு காலம் முன்பே வந்திருக்க வேண்டும்.

வீடும் ஊரும்

ஊராட்சி என்பது என்ன? அது ஒரு பெரிய குடும்பம்.

வீட்டில் அப்பாவும் அம்மாவும் சம்பாதிக்கிறார்கள். அரிசிக்கு இவ்வளவு, பள்ளிச் செலவுக்கு இவ்வளவு என்று பிரிக்கிறார்கள். கையில் இருப்பதற்கு மேல் செலவு செய்தால் கடன் வருகிறது. ஊரும் அப்படித்தான்.

வீட்டு வரி, குடிதண்ணீர்க் கட்டணம், தொழில் வரி ஆகியவை ஊராட்சியின் சொந்த வருமானம். மாநில அரசும் மத்திய அரசும் நிதி கொடுக்கின்றன. அந்தப் பணத்தில்தான் தெருவிளக்கு எரிகிறது. குடிதண்ணீர் வருகிறது. சாக்கடை சுத்தம் ஆகிறது. ஊர்ச் சாலை போடப்படுகிறது. சுடுகாட்டுக்குப் பாதை கூட அதில்தான் அமைகிறது.

இதைப் பிள்ளைக்கு விளக்கப் பெரிய படிப்பு வேண்டாம். வீட்டு வரி ரசீதை எடுத்து அதன் கையில் கொடுத்தால் போதும். "இது நாம் கட்டிய பணம். இதற்கு நமக்கு என்ன கிடைத்தது, பார்!" என்று தெருவைக் காட்டலாம். அந்த ரசீது ஒரு நல்ல பாடப் புத்தகம்.

கிராமத்தில் ஓட்டுப் போடுகிறவருக்கு ஒரு ஓட்டு அல்ல, 4 ஓட்டு! வார்டு உறுப்பினருக்கு ஒன்று. ஊராட்சித் தலைவருக்கு ஒன்று. ஊராட்சி ஒன்றிய உறுப்பினருக்கு ஒன்று. மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு ஒன்று. இந்த நால்வரின் பெயரையும் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? பெற்றோர்கள் எத்தனை பேர்?

கிராம சபை

சட்டசபை சென்னையில் இருக்கிறது. பாராளுமன்றம் டெல்லியில் இருக்கிறது. சாதாரண ஜனங்கள் அங்கே போய் உட்கார்ந்து பேச முடியாது. ஆனால் ஒவ்வொருவரும் எழுந்து பேசக்கூடிய சபை ஒன்று உண்டு. அதுதான் கிராம சபை.

1992-ல் அரசியல் சட்டம் 73-வது முறையாகத் திருத்தப்பட்டது. அது 1993 ஏப்ரல் 24-ந் தேதி அமலுக்கு வந்தது. அதன் பிறகு கிராம சபைக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் கிடைத்தது. தமிழ்நாட்டில் 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் வந்தது.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர்கள். பணக்காரர், ஏழை என்ற பேதம் கிடையாது. படித்தவர், படிக்காதவர் என்ற பேதமும் கிடையாது.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுவது வழக்கம். மார்ச் 22-ம், நவம்பர் 1-ம் சேர்ந்து ஆண்டுக்கு 6 முறை என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது.

அங்கே ஊராட்சியின் வரவு-செலவு வாசிக்கப்பட வேண்டும். தணிக்கை அறிக்கை வைக்கப்பட வேண்டும். எந்த வேலை நடந்தது, எந்த வேலை நடக்கப் போகிறது என்று சொல்ல வேண்டும். அரசு உதவி பெறுகிறவர்களின் பட்டியலையும் வைக்க வேண்டும்.

போதிய ஆட்கள் வராவிட்டால் கூட்டம் செல்லாது. 3,001 முதல் 10,000 பேர் வரை வாழும் ஊராட்சி என்றால் 200 பேராவது வர வேண்டும். ஊர் வராவிட்டால் என்ன ஆகும்? நோட்டில் கையெழுத்து மட்டும் ஓடும். கணக்கு வாசிக்கப்படாமலே முடியும்.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது பிள்ளையையும் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். அங்கே கை தூக்கும் உரிமை பிள்ளைக்கு இல்லை. கேட்கிற காது இருக்கிறதே! "போன வருஷம் தோண்டிய கிணற்றுக்கு எவ்வளவு செலவு?" என்று தன் தாய் எழுந்து கேட்பதை ஒரு பிள்ளை ஒரு தடவை பார்த்தால் போதும். 10 பாடம் படித்ததற்குச் சமம்.

பட்டணத்துப் பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1-ந் தேதி பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. வார்டு கவுன்சிலரிடம் நேரில் கேள்வி கேட்கும் இடம் அது.

குடவோலை

ஊர்க் காரியத்தில் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். காஞ்சீபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் கல்வெட்டுகள் அதற்குப் பதில் சொல்கின்றன.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் அவை வெட்டப்பட்டன. உத்திரமேரூர் 30 குடும்புகளாக, அதாவது 30 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். ஊரார் அத்தனை பேரும் பார்த்திருக்கக் குடத்தில் கைவிட்டு ஓலை எடுப்பது யார் தெரியுமா? ஒரு சிறுவன்!

உள்ளே இருப்பது யார் பெயர் என்று அவனுக்குத் தெரியாது. அதனால்தான் அவனை வைத்தார்கள். ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். பிறகு உரக்கப் படிக்க வேண்டும். அவ்வளவு கண்டிப்பு!

அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் போன்றவற்றை ஓராண்டு நடத்தினார்கள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடியும் வர முடியாது. அவருடைய உறவினர்களும் வர முடியாது!

ஆனால் உண்மையை முழுமையாகச் சொல்ல வேண்டும். அது அந்தணர் சபை. சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ள ஆண்கள் மட்டுமே அதில் இடம் பெற முடியும். பெண்களுக்கு இடம் இல்லை. உழுது பாடுபட்டவர்களுக்கு இடம் இல்லை. பிள்ளைகளிடம் அந்தப் பெருமையைச் சொல்லும்போது இந்தக் குறையையும் சொல்ல வேண்டும்.

அன்று, ஓலையில் இருப்பதை அறியாத சிறுவன் ஊருக்குத் தேவைப்பட்டான். இன்று, கணக்கு நோட்டில் இருப்பதைப் படித்து அறியும் சிறுவனும் சிறுமியும் ஊருக்குத் தேவை.

எல்லோருக்கும் நாற்காலி

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951-52-ல் நடந்தது. ஆண், பெண் அனைவருக்கும் ஓட்டு கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். அவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து அதில் சின்னத்தை ஒட்டினார்கள். படிப்பு இல்லை என்று ஒருவரையும் ஒதுக்கவில்லை.

தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் பெண்களுக்கும் ஊராட்சிகளில் இட ஒதுக்கீடு இருக்கிறது. தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் ஆயிற்று.

இந்த நாற்காலிக்குச் சிலர் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராக முருகேசன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997 ஜூன் 30-ந் தேதி அவரும் இன்னும் 5 பேரும் கொல்லப்பட்டார்கள். அவர் செய்த குற்றம், மக்கள் ஓட்டால் தலைவர் ஆனதுதான்!

அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளிலும், விருதுநகர் மாவட்டம் கொட்டக்கச்சியேந்தலிலும் சுமார் 10 ஆண்டுகள் முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. எதிர்ப்பு அவ்வளவு பலமாக இருந்தது. 2006-ல்தான் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள்.

இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியது இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் நாளை ஊர்த் தலைவர் ஆகலாம். அது எந்தச் சாதியாக இருந்தாலும் சரி, ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் சரி. இந்த எண்ணம் இளமையிலேயே மனதில் பதிய வேண்டும்.

55 காசு!

வீட்டில் நடக்கும் ஒரு தவறான பாடமும் உண்டு. தேர்தலுக்கு முந்தின இரவு யாரோ கதவைத் தட்டுகிறார்கள். கவர் கொடுக்கிறார்கள். பெரியவர்கள் வாங்கி வைக்கிறார்கள். பிள்ளை பார்த்துக்கொண்டு இருக்கிறது. ஓட்டு என்பது விற்கிற சாமான் என்று அது கற்றுக்கொள்கிறது!

பிள்ளைக்கு ஒரு கணக்குக் கொடுக்கலாம். ஒரு ஓட்டுக்கு 1,000 ரூபாய். பதவிக்காலம் 5 ஆண்டு. ஒரு நாளைக்கு எவ்வளவு? வகுத்துப் பார்த்தால் 55 காசு கூட இல்லை. அந்த 55 காசுக்காகக் கேள்வி கேட்கும் வாயை 5 ஆண்டுகள் மூடிக்கொள்ளலாமா?

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம். வாங்குவதும் குற்றம். பணம் பிடிபட்டதால் 2019-ல் வேலூர் பாராளுமன்றத் தேர்தலே ரத்து செய்யப்பட்டது. பிள்ளைகள் முன்னால் கவரைத் திருப்பிக் கொடுக்கும் தாய், எந்த ஆசிரியரும் சொல்லித் தர முடியாத பாடத்தைச் சொல்லித் தருகிறாள்.

வகுப்புத் தேர்தல்

பள்ளிக்கூடமும் ஒரு காரியம் செய்யலாம். பல வகுப்புகளில் தலைவனை ஆசிரியரே நியமிக்கிறார். முதல் மார்க் வாங்குகிறவன் அல்லது உயரமாக வளர்ந்தவன் தலைவன் ஆகிறான். பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதுதான் அவன் வேலை. இது தலைமை அல்ல, கண்காணி வேலை!

அதற்குப் பதிலாகத் தேர்தல் வைக்கலாம். விரும்புகிற மாணவர்களும் மாணவிகளும் போட்டியிடட்டும். என்ன செய்யப் போகிறோம் என்று ஆளுக்கு 2 நிமிஷம் பேசட்டும். மற்றவர்கள் சீட்டில் எழுதி மடித்துப் பெட்டியில் போடட்டும். எல்லோர் முன்னாலும் எண்ணட்டும். தோற்றவர், வென்றவர் கையைக் குலுக்கட்டும்.

அதோடு விட்டுவிடக் கூடாது. மாதக் கடைசியில் தலைவர் எழுந்து கணக்குச் சொல்ல வேண்டும். விளையாட்டுப் பந்து எத்தனை இருந்தது, எத்தனை தொலைந்தது? செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் முறை சரியாக நடந்ததா? யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும். ஓட்டுப் போடுவது ஒரு நாள் வேலை. கணக்குக் கேட்பது ஆண்டு முழுவதும் நடக்கும் வேலை. இதுதான் பிள்ளைகள் கற்க வேண்டிய முக்கியமான பாடம்.

கர்நாடகத்தில் பிள்ளைகளுக்கென்றே கிராம சபை கூட்டும் வழக்கம் இருக்கிறது. அதை "மக்கள கிராம சபே" என்கிறார்கள். கன்னடத்தில் "மக்களு" என்றால் குழந்தைகள் என்று பொருள். தமிழிலும் அந்தப் பொருள் உண்டு. திருக்குறளில் குழந்தைகளைப் பற்றிய அதிகாரத்தின் பெயர் மக்கட்பேறு. மக்களாட்சி என்ற சொல்லுக்குள்ளேயே பிள்ளைகள் இருக்கிறார்கள்!

பெரியவர்கள் கடமை

பெரியவர்கள் முறையாக நடந்துகொண்டால்தான் சிறியவர்கள் கற்பார்கள். உள்ளாட்சியின் பதவிக்காலம் 5 ஆண்டு. அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். ஆனால் தமிழ்நாட்டில் 2016-ல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியிலும் வந்தது. அந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோது மறுபடியும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றார்கள்.

"நம் ஊர்த் தலைவர் யார்?" என்று பிள்ளை கேட்கும்போது "யாரும் இல்லை" என்று சொல்லும் நிலை வரலாமா? உரிய காலத்தில் தேர்தல் நடத்துவது ஆளுகிறவர்களின் கடமை. நடத்தும்படி கேட்பது மக்களின் கடமை.

தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை கூடுகிறது. ஆகவே காத்திருக்க வேண்டியது இல்லை. அடுத்த கிராம சபை நாளில் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு போகலாம். ஒரு கேள்வியைத் தாளில் எழுதி எடுத்துப் போகலாம். அந்தக் கேள்வியைப் பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்லலாம்.

பிள்ளைக்கு நகையும் நிலமும் சேர்த்து வைக்க எல்லோராலும் முடியாது. தைரியமாக எழுந்து நின்று மரியாதையாகக் கணக்குக் கேட்கும் பழக்கத்தை, கூலி வேலை செய்யும் பெற்றோரும் கொடுக்க முடியும். அந்தச் சொத்தைப் பெற்ற பிள்ளைகள் வாழும் ஊரை யாராலும் ஏமாற்ற முடியாது.