முகம் காணா உறவும் உறவே

நேரில் முகம் பாராதோர் ஒரு சமுதாயமாக அமையவே இயலாது என்றும், இணையத்தில் கூடுவது வெறும் சந்தை இரைச்சல் என்றும் அறிஞர் சிலர் அடித்துப் பேசி வருகின்றனர். அவர்தம் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியை நாம் மறுக்கிறோம்.

நார்வே நாட்டில் மாட்ஸ் ஸ்டீன் என்றோர் இளைஞர் வாழ்ந்தார். தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும் டுசென் நோய் பிறவியிலேயே அவரைப் பற்றியிருந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் கணினி விளையாட்டிலேயே பொழுதைக் கழித்தார். பிள்ளை நண்பரின்றி வாடுகிறானே எனப் பெற்றோர் உள்ளூர வருந்தினர். 2014 நவம்பரில், தம் 25ஆம் வயதில், அவர் மறைந்தார். தந்தையார் அச்செய்தியை இணையத்தில் அறிவித்தார். அதன் பின்னரே மடல்கள் வந்து குவிந்தன. கணினியைப் பெற்றோர் பறித்துக்கொண்டதால் மனமுடைந்த ஒரு பெண்ணுக்காக, அப்பெற்றோருக்கே பரிந்து கடிதம் எழுதியவர் அவர். மகனிடம் நெருங்கும் வழியறியாத ஒரு தாய்க்கு வழி சொன்னவரும் அவரே. அவர் முகத்தையே கண்டிராத சிலர் அயல்நாடுகளிலிருந்து புறப்பட்டு அடக்கத்திற்கு வந்து சேர்ந்தனர்.

இது உறவன்று என்றால் வேறு எதுதான் உறவு? ஒரே தெருவில் நாற்பதாண்டு குடியிருந்தும் ஜனாஸாவுக்கு எட்டிப் பாராத அண்டை வீட்டாரை நாம் அறியோமா?

பினாங்குக்கும் ரங்கூனுக்கும் சபர் சென்ற நம் முன்னோர் கடிதத்தின் வழியாகவே ஊரோடு வாழ்ந்தனர். ‘அவர்கள் முன்பே முகமறிந்தவர்கள்’ என்பீர்கள். மெய்தான். ஆனால் அங்கேயே பிறந்து, ஊர் மண்ணை மிதித்திராத பேரப்பிள்ளைகளையும் ‘நம்மூர்ப் பிள்ளை’ என்றுதானே சொந்தம் கொண்டாடினோம்!

இனி, அறிஞர் கூற்றின் உண்மைப் பாதிக்கு வருவோம். இணையக் கூட்டத்தின் குறை முகமின்மையன்று, மனையின்மை. கூடியிருக்கும் இடம் பிறருக்குச் சொந்தம். 1994இல் தோன்றிய ஜியோசிட்டீஸ், தன் பக்கங்களைப் பேட்டைகளாக வகுத்து, வந்தோரைக் குடியேறிகள் என்றே அழைத்தது. 1999இல் யாஹூ நிறுவனம் அதனை வாங்கிற்று. 2009 அக்டோபரில் இழுத்து மூடிற்று. 2014 செப்டம்பரில் ஆர்க்குட் மூடப்பட்டது. 2020 டிசம்பரில் யாஹூ குழுமங்களும் முடிந்தன. குடியிருந்தோரின் சம்மதத்தை எவர் கேட்டார்? வாடிக்கையாளர் கணக்கைச் ‘சமுதாயம்’ என்று பெயரிட்டழைக்கும் இந்நிறுவனங்களின் துணிவைத்தான் அறிஞர் சாடியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, அங்கே அன்பு கொண்டு பழகிய எளியோரை ஏளனம் செய்வது எவ்வகையில் நியாயம்?

மாற்று வழியும் இருக்கவே செய்கிறது. 1985இல் கலிபோர்னியாவில் ஸ்டூவர்ட் பிராண்டும் லாரி பிரில்லியன்டும் தொடங்கிய ‘வெல்’ என்னும் உரையாடற் களம் அது. ‘உன் சொல்லுக்கு நீயே உடைமையாளன்’ என்பது அங்கே நுழைவோர்க்கு வைத்த விதி. ஹோவர்ட் ரைங்கோல்ட் 1993இல் மெய்நிகர்ச் சமுதாயம் பற்றி நூலெழுதியது அங்கே வாழ்ந்த அனுபவத்தைக் கொண்டே. அக்களமும் 1999இல் சலோன் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. விற்பனைக்கு வந்தபோது அதன் நெடுநாள் உறுப்பினர்கள் கைகட்டி நிற்கவில்லை. தமக்குள் பணம் திரட்டி, 2012இல் 4,00,000 டாலருக்குத் தம் இடத்தைத் தாமே வாங்கிக்கொண்டனர்.