விசில் வரலையாம், வெளிநடப்பாம்!

இங்கே வளைகுடாவில் என்னோடு வேலை பார்க்கும் மலையாள நண்பர்களிடம் 2023 மார்ச் 3 என்று சொன்னால் போதும், இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். நம்மாட்களும் கூடச் சேர்ந்துகொண்டு 'ஏமாத்து வேலை' என்கிறார்கள். எனக்கு இதில் சுத்தமாக உடன்பாடில்லை.

பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானம். ஐ.எஸ்.எல். நாக்-அவுட் ஆட்டம். 90 நிமிடம் வரை 0-0. கூடுதல் நேரத்தில், 96ஆவது நிமிடம், பெங்களூருக்கு ஃப்ரீ கிக். கேரளா பிளாஸ்டர்ஸ் தயாராகும் முன்பே சுனில் சேத்ரி அடித்துவிட்டார். கோல்! நடுவர் கிரிஸ்டல் ஜான் ஒப்புக்கொண்டார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியையே வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"விசில் அடிக்கலையே சார், ஆட்டம் நின்னுதானே இருந்துச்சு?" என்கிறார்கள். சாமி, விதியைக் கொஞ்சம் பாருங்கள். ஆட்டத்தை நிறுத்துவது நடுவர். ஆனால் ஃப்ரீ கிக்கில் மறுபடி தொடங்க விசில் கட்டாயமில்லை. பந்தை உதைத்து அது நகர்ந்தாலே ஆட்டம் தொடங்கிவிட்டது. 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டியது எதிரணி. அதுவரை காத்திருக்கச் சொல்லிக் கேட்பது அடிப்பவரின் உரிமை. வேண்டாமென்றால் உடனே அடிக்கலாம். விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொன்னதாகத்தான் சேத்ரியும் பிறகு சொன்னார்.

'நடுவர் எங்கள் ஆட்களைத் தள்ளி நிற்கச் சொன்ன பிறகு உடனே அடிக்க விடலாமா?' என்பது நியாயமான கேள்விதான். காத்திருக்க வேண்டுமென்றால் நடுவர் விசிலைத் தூக்கிக் காட்டி எல்லாருக்கும் புரிய வைக்கணும். ஆனால் தீர்ப்பு யாருடையது? எங்கள் புத்தலப்பட்டுப் பக்கம் சடுகுடுவில் மூச்சு விட்டானா இல்லையா என்று பத்துப் பேர் கத்துவார்கள். நடுவர் சொன்னால்தான் அவுட்.

1978 உலகக் கோப்பையில் பிரேசில் வீரர் ஜிக்கோ கார்னர் பந்தைத் தலையால் முட்டி ஸ்வீடன் வலைக்குள் தள்ளினார். பந்து காற்றில் இருந்தபோதே நேரம் முடிந்தது என்று நடுவர் கிளைவ் தாமஸ் ஊதிவிட்டார். கோல் இல்லை, 1-1. உலகமே திட்டியது. முடிவு மாறவில்லை.

வெளிநடப்பால் என்ன கிடைத்தது? 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை. இதையா வீரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறோம்? வார இறுதியில் அவர்களைப் பந்து விளையாடக் கூட்டிப்போகிறோமே! நடுவர் தப்பாகவே சொன்னாலும் ஆடி முடி, அப்புறம் புகார் எழுதிக் கொடு என்று சொல்லிக்கொடுங்கள்.

அன்றைக்கு இன்னும் 24 நிமிடம் பாக்கி இருந்தது ஐயா. ஒரு கோல் அடிக்க அது போதாதா?