அரைஞாண் கயிற்றுக்கு அடியில்

மந்தைவெளியிலிருந்து வந்த எட்டு மாதக் குழந்தை. “கரப்பான்தான் டாக்டர், மூணு வாரமா போகவே மாட்டேங்குது” என்றார் பாட்டி. இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு. அதைச் சற்றே மேலே தள்ளினால், கயிறு உரசும் தடத்திலேயே வளைந்து ஓடும் சிவந்த பட்டை, விளிம்பில் மட்டும் மெல்லிய செதில். சுரண்டி எடுத்து 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வைத்துப் பார்த்ததில் பூஞ்சை இழைகள் தெளிவாகத் தெரிந்தன. “என்ன தடவினீங்க?” என்று கேட்டதும் அம்மா தயங்கித் தயங்கிக் கைப்பையிலிருந்து பாதி பிதுக்கிய டியூப் ஒன்றை எடுத்தார். குளோபெட்டசால், பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் எல்லாம் ஒரே களிம்பில். முதலில் தனக்காக வாங்கியதாம்.

நாம் படித்த காலத்தில் குழந்தைக்குப் படர்தாமரை என்றால் அது தலையில்தான். முடி உதிர்ந்த வட்டம், கரும்புள்ளிகள், கிரிசியோஃபல்வின். உடம்பில் படர்வது பெரியவர்களின் நோய், கைக்குழந்தைக்கு வருவது அபூர்வம் என்று தேர்வில் எழுதினோம். இன்று தி. நகரிலோ அடையாறிலோ புறநோயாளிகளைப் பார்க்கும் யாரும் அப்படி எழுத மாட்டார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும், டெர்பினஃபைனுக்குப் பல நேரம் மசியாத இந்தப் பூஞ்சைக்கு 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’ என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது, பெருமைப்படத்தான் முடியவில்லை.

ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை இரண்டே நாளில் அடக்கிவிடும். பூஞ்சை அடங்காது, விளிம்பு மட்டும் மங்கிப்போகும், பார்க்கிற நமக்கு அடையாளம் தப்பிவிடும். 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. அதன் பிறகும் டியூப்கள் கைப்பைகளில் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. பாட்டி சொன்ன ‘கரப்பானை’ நாமும் அப்படியே ‘எக்ஸிமா’ என்று சீட்டில் எழுதி, கூடவே ஒரு ஸ்டீராய்டும் எழுதிவிடுகிறோம். கரப்பான் வயதோடு இடம் மாறும் நோய்: கைக்குழந்தைக்குக் கன்னத்தில், வளர்ந்த பிறகு முழங்கை, முழங்கால் மடிப்பில். டயப்பர் கட்டும் இடத்தைப் பெரும்பாலும் தொடாது. ஆக, இடுப்பிலும் பிட்டத்திலும் செதில் என்றால் சீட்டை எழுதுமுன் ஸ்லைடை எடுங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது. விரல் இடுக்கையும் உள்ளங்காலையும் பார்க்க மறக்க வேண்டாம், சொறிசிரங்கும் இதே வேடத்தில் வரும். பிறகு அம்மாவைத் திரையின் பின்னால் அழைத்துச் சென்று பாருங்கள். ஒரே பாயில் யார் யார் படுக்கிறார்கள், துண்டு எத்தனை என்றும் கேளுங்கள்.

கயிற்றைக் கழற்றச் சொல்வதுதான் கஷ்டம். நூல் கயிறு குளித்தபின் வெகுநேரம் ஈரமாகவே இருக்கும், சென்னைப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். கண்ணேறு பற்றிப் பாட்டியோடு வாதம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. “ஆறும்வரை வெள்ளிக்கொடி போடலாமா?” என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார்.

நான்கு வாரம் கழித்து வெள்ளிக்கொடியோடு வந்தார்கள். குழந்தையின் இடுப்பில் மங்கிய தழும்புதான் மிச்சம். அம்மா மட்டும், அரிப்பு நின்றுவிட்டதென்று தன் படர்தாமரைக்குக் கொடுத்த மாத்திரையைப் பத்தாம் நாளே நிறுத்தியிருந்தார்.